ஆம்பல் மாதிரி ஒரு பூ

அன்புள்ள ஐயா,

மழைக்குப் பிறகு எங்கள் ஊர்க் கண்மாயில் ஒரு சின்ன வெள்ளைப் பூ நிறையப் பூத்திருக்கிறது. இலை தண்ணீரில் மிதக்கிறது. ஊரில் ஆம்பல் என்கிறார்கள். கைப்பேசிச் செயலியில் படம் போட்டாலும் அதையேதான் சொல்கிறது. ஆனால் பூ ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம்தான் பெரிது, இதழெல்லாம் மயிர் மயிராக இருக்கிறது. ஆம்பல்தானா? இன்னொன்று: வாய்க்காலில் நீலப் பூவோடு ஒரு செடி நிற்கிறது. வெங்காயத்தாமரை என்று அப்பா பிடுங்கப் பார்க்கிறார். பிடுங்கலாமா?

எம்., புதுக்கோட்டை மாவட்டம்

அன்புள்ள எம்.,

ஆம்பல் இல்லை. இதழில் மயிர் என்று எழுதினீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. அதன் தாவரவியல் பெயர் நிம்ஃபாய்டிஸ் இண்டிகா. பெரும்பாலும் ஐந்து வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள், இதழின் மேலெல்லாம் பிசிறு. ஆம்பலுக்கு இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும், பிசிறு கிடையாது. இலையை வைத்து இரண்டும் ஒரே குடும்பம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் உங்கள் பூ சூரியகாந்தி இருக்கும் வரிசையை (பல குடும்பங்கள் சேர்ந்த பெரும் பிரிவை)ச் சேர்ந்தது. ஆம்பலுக்கு வெகு தூரம். தண்ணீர்மேல் படுத்துக் கிடக்க வேண்டும் என்றால் வட்டமான, தட்டையான இலைதான் வசதி. அதனால் சம்பந்தமே இல்லாத செடிகளும் அந்த வடிவத்துக்கு வந்துவிடுகின்றன.

ஆகவே நான் இலையின் வட்டத்தை நம்புவதில்லை. பூ எங்கிருந்து கிளம்புகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆம்பலில் ஒவ்வொரு இலைக்காம்பும் ஒவ்வொரு பூக்காம்பும் தனித்தனியாகச் சேற்றிலுள்ள கிழங்குக்குப் போகும். உங்கள் செடியில் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்குச் சற்றுக் கீழே, காம்பிலிருந்தே மொட்டுகள் கொத்தாகப் புறப்பட்டிருக்கும். நாம் காம்பு என்று நினைப்பது அங்கே தண்டு. நிஜக் காம்பு அந்தக் கொத்துக்கு மேலே இருக்கும் சின்னத் துண்டுதான். கரையில் நின்று எடுத்த படத்தில் இது எப்படித் தெரியும்? செயலியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சேற்றில் இறங்கவும் வேண்டாம், துரட்டியால் ஒரு கொடியை இழுத்தால் போதும். காலையிலேயே போங்கள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுசு.

மயிர் இல்லாமல் இதழின் நடுவில் நீளவாக்கில் ஒரு முகடு மட்டும் இருந்தால், அது இதன் நெருங்கிய சொந்தமான நிம்ஃபாய்டிஸ் கிரிஸ்டேட்டா. நம் பக்கத்துச் செடிதான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அது ஏரிகளை அடைத்துக்கொண்டு பெரிய தொல்லையாகிவிட்டது.

நிஜ ஆம்பல் கிடைத்தால் இலை விளிம்பைத் தடவிப் பாருங்கள். பல் பல்லாக இருந்து, அடிப்பக்கம் ரோமமும் இருந்தால் அது இரவில் மலர்கிற வகை, முற்பகலில் மூடிவிடும். ஆம்பல் இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு இருக்கும், தாமரை இலைக்கு அந்த வெட்டே கிடையாது, காம்பு நடுவில் சேரும்.

வேறு நீர்ச்செடிகளிலும் இலை ஏமாற்றும். நீர்க்குளிரி என்ற செடியின் இளம் இலை நாடா மாதிரி, முற்றியது அகலம். இரண்டையும் பார்த்து இரண்டு செடி என்று எழுதிவிடாதீர்கள். ஆரைக்கீரையில் பூவுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். அது பெரணி இனம், பூக்கவே பூக்காது.

சரி, அப்பாவின் நீலப் பூ. வெங்காயத்தாமரையின் காம்பு உப்பியிருக்கும் என்பார்கள். நெருக்கமாக வளர்ந்த இடத்தில் அது உப்பாமல் நெட்டையாகப் போய்விடும், அதனால் பூவைப் பாருங்கள். மேல் இதழில் மஞ்சள் பொட்டு இருந்தால் அதுவேதான், தயங்காமல் பிடுங்கிக் கரையில் போட்டுக் காய விடுங்கள், வேறு குளத்துப் பக்கம் வீசாதீர்கள். பொட்டு இல்லாமல், ஆறு மகரந்தக் கேசரங்களில் ஒன்று மட்டும் பெரிதாக நீலமாகவும் மற்ற ஐந்தும் மஞ்சளாகவும் இருந்தால் அது மோனோகோரியா, நம் மண்ணின் செடி. நெல்லுக்குள் வந்தால் அதுவும் களைதான், அப்பா பிடுங்கட்டும். வாய்க்காலில் நிற்பதை விட்டுவிடலாம்.