பழைய கொம்பியூட்டர், புதிய விண்டோஸ்: கேள்வி பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்தியதில் இருந்து, மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் இருக்கும் கொம்பியூட்டர்களைப் பற்றித்தான் என்னிடம் ஓயாத விசாரிப்பு. கல்லடியில் கொம்பியூட்டர் திருத்துவது என் தொழில். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டுப் பதில்களைத் தருகிறேன்.

களுவாஞ்சிகுடி, ஆசிரியை: எங்கள் வீட்டு டெஸ்க்டொப் கோர் ஐ5, 4 ஜிபி ராம். விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்று திரையில் வருகிறது. போட்டால் தேத்தண்ணி குடித்து முடியும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கத்தான் வேண்டுமா தம்பி?

பதில்: வேண்டாம் டீச்சர். தகுதி இல்லை என்பது வேறு, மெதுவாக இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால்தான் பலர் அவசரப்பட்டுக் காசைக் கொட்டுகிறார்கள்.

முதலில் தகுதி. செட்டிங்ஸில் சிஸ்டம், பிறகு எபவுட் என்று போனால் புரொசஸரின் இலக்கம் தெரியும். ஐ5-4570 என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 4தான் தலைமுறை. ஐ5-8400 எட்டாம் தலைமுறை. ஐ5-10400 பத்தாம் தலைமுறை. முதல் இலக்கத்தை மட்டும் பார்த்து ஒன்று என்று எண்ணிவிட வேண்டாம். இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் விண்டோஸ் 11க்கு அனுமதி. அது 2017இல் வந்தது. ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காக ஓரிரண்டு உண்டு, நம் வீடுகளில் இருப்பவை அவை அல்ல. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்கு மேலும்.

மெதுவாக இருப்பதற்குக் காரணம் அநேகமாகப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். அதைக் கழற்றி, சுழலும் பாகம் இல்லாத சேமிப்பான எஸ்எஸ்டி (256 ஜிபி, சாட்டா வகை) ஒன்றைப் போடுங்கள். ராமை 8 ஆக்குங்கள். இருக்கும் விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்குக் கொப்பி எடுத்துவிடலாம், எதையும் திரும்ப இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை. தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே திரை வந்துவிடும். இதைச் செய்து பார்க்காமல் புதிது வாங்கச் சொல்லும் கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

அதே ஆசிரியை: மறுகா விண்டோஸ் 10இலேயே இருந்தால் வைரஸ் வராதா?

பதில்: ஆதரவு முடிந்தது என்றால் கொம்பியூட்டர் நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. மாதாமாதம் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அவ்வளவுதான். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபென்டருக்கு வைரஸ் விவரங்கள் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசொப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் அது பூட்டு உடைந்த வீட்டுக்குக் காவல்காரனை நிறுத்துவது போல. ஓட்டை ஓட்டையாகவே இருக்கும்.

அதற்கு இஎஸ்யு என்ற நீட்டிப்பு இருக்கிறது. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இணைவதற்கான சுட்டி தெரியும். செட்டிங்ஸை மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவில் பெக்கப் எடுக்கச் சம்மதித்தால் இலவசம். அது பிடிக்காவிட்டால் 30 டொலர் கட்டலாம். ஒரே கணக்கில் பத்துக் கொம்பியூட்டர் வரை சேர்க்கலாம், ஆகவே தங்கச்சி வீட்டில் இருப்பதையும் உங்கள் கணக்கில் போட்டுவிடுங்கள்.

காத்தான்குடி, புடவைக் கடை உரிமையாளர்: தம்பி, என் லெப்டொப் எட்டாம் தலைமுறைதான். ஆனாலும் டீபிஎம் இல்லை என்று சொல்லித் தடுக்கிறது. அந்தத் துண்டை எங்கே வாங்கலாம்?

பதில்: வாங்க ஒன்றும் இல்லை காக்கா. டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி உங்கள் புரொசஸருக்கு உள்ளேயே இருக்கிறது, விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயோஸில் அணைந்து கிடக்கிறது. இன்டெல் மெஷினில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டீபிஎம். லெப்டொப்பைப் போடும்போது எஃப்2 அல்லது டிலீட் விசையைத் தட்டி பயோஸுக்குள் போய், செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் பகுதியில் தேடுங்கள்.

இதில் கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் 11க்கு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆக வேண்டும். பழைய முறையில் இன்ஸ்டோல் பண்ணியிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வகையாக இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய வகையாக மாற்றாமல் பயோஸில் மட்டும் யுஇஎஃப்ஐ என்று மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. "கொம்பியூட்டர் செத்துப் போச்சு" என்று தூக்கிக்கொண்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு நடந்தது இதுதான். பயோஸைப் பழையபடி மாற்றினால் உயிர் வந்துவிடும். சரியான வழி, முதலில் விண்டோஸ் 10க்குள் இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் டிஸ்க்கை மாற்றுவது, அதன் பிறகுதான் பயோஸ். ஃபைல்கள் அழியாது, ஆனாலும் கடைக் கணக்கை பென்ட்ரைவில் எடுத்துவிட்டே தொடங்குங்கள்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் பயோஸைத் தொட்டதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

கல்முனை, பல்கலைக்கழக மாணவர்: அண்ணன், என்னுடையது மூன்றாம் தலைமுறை. ஒரு கடையில் பென்ட்ரைவ் மூலம் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடலாம் தம்பி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்ட்ரைவ் செய்யும்போது டீபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கிவிடலாம். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆனால் தகுதியில்லாத கொம்பியூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தரவில்லை. வருடத்துக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் நீங்களே பென்ட்ரைவோடு உட்கார வேண்டும். அந்த வேலை பிடிக்கும் என்றால் உங்கள் மெஷினில் செய்து பாருங்கள். அம்மாவின் வங்கிக் கணக்கு ஓடும் கொம்பியூட்டரில் வேண்டாம்.

கோர் 2 டூவோ வைத்திருப்பவர்களுக்கு அதுவும் முடியாது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு முதல், அந்தப் புரொசஸரில் இல்லாத சில கட்டளைகளை விண்டோஸ் கேட்கிறது. எந்தத் தந்திரத்துக்கும் அது அசையாது.

இன்னொன்று. கடைக்காரர் அக்டிவேட் பண்ண ஒரு கிராக் ஃபைலை ஓட்டப் பார்ப்பார். விடாதீர்கள். அசல் விண்டோஸ் 10 அக்டிவேட் ஆகியிருந்த கொம்பியூட்டருக்கு 11 இலவசம், உரிமம் அந்த மதர்போர்டோடு ஒட்டியே இருக்கும். வைரஸ் தடுப்பை நிறுத்திவிட்டு ஓட்டச் சொல்லும் எந்த ஃபைலும் வீட்டுக்குள் வரக்கூடாத விருந்தாளி.

திருக்கோவில், கோயில் பரிபாலன சபைச் செயலாளர்: பல வருடக் கூட்டறிக்கைகள், திருவிழா நோட்டீஸ்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. புதிய விண்டோஸ் போட்டால் அவை போய்விடுமா தம்பி?

பதில்: ஐயா, நல்ல கேள்வி. நம் பக்கத்தில் யாரும் கேட்காமல் விட்டுப் பிறகு தலையில் கை வைப்பது இதற்குத்தான்.

பாமினி, எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய ஃபொன்ட். நீங்கள் 'அம்மா' என்று அடித்தது ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கிறது. பாமினி உள்ள கொம்பியூட்டரில் அம்மா தெரிவார், இல்லாத கொம்பியூட்டரில் அந்த ஐந்து கிறுக்கல்தான் தெரியும். ஃபைல் பழுதாகவில்லை, உடுப்பு இல்லாமல் நிற்கிறது.

விண்டோஸ் 10இன் மேலேயே 11ஐ ஏற்றினால் ஃபொன்ட், ஃபைல், மென்பொருள் எல்லாம் அப்படியே இருக்கும். போர்மட் பண்ணிப் போட்டால்தான் போகும். ஆகவே போர்மட்டுக்கு முன், சி ட்ரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபொன்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, பாமினியையும் நோட்டீஸுக்குப் பாவித்த மற்றத் தமிழ் ஃபொன்ட்களையும் பென்ட்ரைவுக்கு எடுங்கள். கடைக்காரர் டொகியூமென்ட்ஸையும் டெஸ்க்டொப்பையும் மட்டும்தான் பெக்கப் எடுப்பார். ஃபொன்ட் அவர் ஞாபகத்துக்கே வராது. புதிய விண்டோஸில் அந்த ஃபைலை வலது கிளிக் பண்ணி இன்ஸ்டோல் என்றால் முடிந்தது.

இனி மாற்றத் தேவையில்லாத பழைய அறிக்கைகளை இப்போதே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள், அதில் ஃபொன்ட் உள்ளேயே பொதிந்திருக்கும். அடிக்கடி திருத்துபவற்றை மட்டும் பாமினியில் இருந்து யுனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுங்கள். மாற்றிய பின் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். இடையில் ஆங்கிலத்தில் இருந்த தொலைபேசி இலக்கக் குறிப்பும் மின்னஞ்சலும் தமிழாகிக் குழம்பியிருக்கும்.

லதா ஃபொன்ட்டில் அடித்தவை என்றால் பயமில்லை, அது யுனிகோட்தான். புதிய விண்டோஸில் லதாவைக் காணவில்லை என்றால் செட்டிங்ஸில் ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய், தமிழ் துணை ஃபொன்ட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்று, கொமியூனிகேஷன் நடத்துபவர்: பழைய ஸ்கேனர், பிரிண்டர் 11இல் வேலை செய்யுமா?

பதில்: விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மொடலை இயக்கும் மென்பொருளான டிரைவர் 64 பிட்டில் இருக்கிறதா என்று ஏற்றுவதற்கு முன் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஸ்கேனருக்கு ஒரு பழைய கொம்பியூட்டரை இன்டர்நெட் இல்லாமல் ஒதுக்கிவிடுவதே மலிவு.

வாழைச்சேனை, ஒரு தாய்: மகள் ஏ.எல். படிக்கிறாள். சின்ன லெப்டொப், செலரோன் புரொசஸர், 4 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. அப்டேட்டுக்கு இடமில்லை என்று எப்போதும் சொல்கிறது.

பதில்: அக்கா, விண்டோஸ் 11க்கு ஆகக் குறைந்தது 64 ஜிபி வேண்டும். உங்கள் லெப்டொப்பில் சேமிப்பு போர்டோடு ஒட்டியே வருவதால் மாற்றவும் முடியாது. இதில் விண்டோஸோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு இருக்கிறது. 20 ஜிபி இடம் போதும். இலவசம்.

முதலில் பென்ட்ரைவில் இருந்தே ஓட்டிப் பாருங்கள், லெப்டொப்பில் உள்ள எதையும் அது தொடாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, சூம் வகுப்பில் கெமரா தெரிகிறதா என்று மகள் ஒரு பின்னேரம் பார்க்கட்டும். எல்லாம் சரியென்றால் மட்டும் இன்ஸ்டோல். வேர்ட், எக்ஸலுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸ் கூடவே வருகிறது. ஐசிடி எடுத்திருந்தால் பைத்தனும் ஏற்கெனவே உள்ளே இருக்கும். பாமினியில் வந்த வகுப்பு நோட்ஸுக்கு அதே ஃபொன்ட் ஃபைலை இதிலும் போடலாம்.

டீச்சர் கேட்ட விண்டோஸ் 10 மெஷினுக்கும் 2026 ஒக்டோபருக்குப் பிறகு நான் சொல்லப்போவது இதுதான்.

பொத்துவில், விடுதி நடத்துபவர்: இங்கே டேட்டாவும் மெது, கரண்டும் போய் வரும். 11ஐ எப்படி இறக்குவது?

பதில்: ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் இறக்க வேண்டாம். விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ ஃபைல் 5 ஜிபிக்கு மேல். கல்முனைப் பக்கம் ஃபைபர் உள்ள ஒரு சொந்தக்காரர் வீட்டில், மைக்ரோசொப்ட் தளத்தில் இருந்தே இறக்கி 8 ஜிபி பென்ட்ரைவ் ஒன்று செய்துகொள்ளுங்கள். அதை வைத்து விடுதியில் உள்ள அத்தனையையும் ஏற்றலாம். யாரோ 'லைட்' ஆக்கியது என்று தரும் ஐஎஸ்ஓ வேண்டாம்.

லெப்டொப் என்றால் பட்டரி நிறைந்திருக்க வேண்டும், டெஸ்க்டொப்புக்கு யுபிஎஸ். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடி கிளம்பும் நேரத்தில் தொடங்கவே வேண்டாம். இடி என்றால் மின் பிளக்கை மட்டும் கழற்றி விட்டுவிடுகிறார்கள்; ரவுட்டரில் இருந்து வரும் நெட்வேர்க் வயரையும் கழற்றுங்கள். செப்புத் தொலைபேசி வயர் வழியாக வந்த மின்னல் மதர்போர்டைத் தின்றதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆரையம்பதி, ஓய்வுபெற்றவர்: புதிய ராம் போட்டேன். பீப் பீப் என்று கத்துகிறது, திரை வரவில்லை. பழையதைத் திரும்பப் போட்டாலும் அதே.

பதில்: கடற்கரை வீடா ஐயா? உப்புக்காற்று பட்ட ராமின் பொன்நிறக் கால்களில் மங்கலான ஒரு படை பிடித்திருக்கும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேயுங்கள், பளபளப்புத் தெரியும் வரை. றப்பர் தூளை ஊதிவிட்டு, போர்டில் உள்ள இடுக்கையும் காய்ந்த மென்மையான பிரஷால் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று பூட்டும் வரை அழுத்துங்கள். டிடிஆர்3 போர்டுக்கு டிடிஆர்4 பொருந்தாது, வெட்டு இருக்கும் இடமே வேறு. பலவந்தமாக அழுத்தினால் இடுக்கு உடையும்.

திறந்தது திறந்ததாக, போர்டில் உள்ள காசு போன்ற சிஆர்2032 பட்டரியையும் மாற்றிவிடுங்கள். அது இறந்தால் திகதி பின்னால் போகும், வங்கித் தளங்கள் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும், பயோஸில் போட்ட மாற்றங்களும் அழிந்துவிடும். காத்தான்குடிக் காக்கா டீபிஎம்மைப் போட்டு 11 ஏற்றிய பிறகு ஒரு நாள் திரும்ப அது காணாமல் போனால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தப் பட்டரியைத்தான்.

சம்மாந்துறை, நெல் ஆலைக் கணக்காளர்: எங்களிடம் இன்னும் விண்டோஸ் 7. அதில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருள். இன்டர்நெட் இல்லை.

பதில்: அதை அப்படியே இருக்க விடுங்கள். விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது, குரோமும் 2023இல் அதைக் கைவிட்டது. ஆனால் நெட்டோடு சேராமல் கணக்கு மட்டும் பார்க்கும் மெஷினை மேம்படுத்தி அந்த மென்பொருளை இழப்பது புத்தியில்லை. வைஃபையை அணைத்துவிடுங்கள். ஊரெல்லாம் சுற்றி வரும் பென்ட்ரைவை அதில் குத்த விடாதீர்கள்; கணக்கை எடுக்க ஆலைக்கென்று இரண்டு பென்ட்ரைவ் ஒதுக்கி, மாறி மாறி வாரம் ஒரு பெக்கப் எடுங்கள். ஒன்று ஆலையில், மற்றது வீட்டில் இருக்கட்டும். அந்த மென்பொருளின் சிடியும் லைசன்ஸ் இலக்கமும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள், ஏனென்றால் அதன் ஹார்ட் டிஸ்க்கும் அதே வயதுதான்.