பிரேக் காலிப்பர் ரப்பர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார்களின் டிஸ்க் பிரேக் காலிப்பரைப் பிரித்து ரப்பர் மாற்றுவது தொடர்பாக வந்த கடிதங்களில் சில, சுருக்கப்பட்டு இங்கே இடம்பெறுகின்றன. பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மீது பேட் எனப்படும் தேய்ப்புக் கட்டைகளை அழுத்தும் பாகமே காலிப்பர்.

பத்து ஆண்டுகள் ஓடிய என் காரில் இடது முன்சக்கரம் மட்டும் கடுமையாகச் சூடாகிறது. காலிப்பரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் போதாதா?
– திருமங்கலம் வாசகர்

அதைப் பிஸ்டனைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெரும்பாலான கார்களில் சீல் என்னும் ரப்பர் வளையம் காலிப்பரின் உட்சுவரில் வெட்டப்பட்ட குரூவில், அதாவது பள்ளத்தில், அப்படியே உட்கார்ந்திருக்கும். அதனுள் பிஸ்டன்தான் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லும். ஆகவே ஆயில் கசியாமல் நிற்பதற்குச் சீல் புதிதாக இருந்தால் மட்டும் போதாது, பிஸ்டனின் மேற்பரப்பும் வழவழப்பாக இருக்க வேண்டும். பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்து, சீல் படும் பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் இடறினால், துருப் புள்ளிகளோ முலாம் உரிந்த இடமோ தென்பட்டால், எவ்வளவு நல்ல ரப்பரைப் போட்டாலும் விரைவில் கசியும். பல கார்களுக்குப் பிஸ்டன் தனியாகவே கிடைக்கிறது.

அடுத்து குரூவைப் பாருங்கள். சீலுக்குப் பின்னால் சேரும் துருவும் கசடும் அதை உள்நோக்கித் தள்ளிப் பிஸ்டனை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் சூடாவதற்கு இது அடிக்கடி காரணமாகிறது. மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் குச்சியாலோ சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், ஸ்குரூ டிரைவரை உள்ளே விட வேண்டாம். காலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைடு பின் இறுகியிருந்தாலும், பிரேக் ஹோஸ் உட்புறம் வீங்கி அடைத்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும் என்பதால், அவற்றையும் பார்த்த பிறகே செலவை முடிவு செய்யுங்கள். குரூவையே துரு தின்றிருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி.

கிட் கிடைக்கவில்லை. அதே விட்டமுள்ள ஓ-ரிங் ஒன்றைக் கடைக்காரர் கொடுத்தார். போடலாமா?
– மேலூர் வாசகர்

போடக் கூடாது. காலிப்பர் சீலை வெட்டிப் பார்த்தால் அதன் குறுக்குவெட்டு சதுரமாக இருக்கும், ஓ-ரிங்கினுடையது வட்டம். பெடலை மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைப் பிடித்திருக்கும் சதுர சீல் சற்றே வளைகிறது; காலை எடுத்ததும் அந்த வளைவு நிமிர்ந்து பிஸ்டனை மில்லிமீட்டரின் ஒரு சிறு பங்கு பின்னே இழுக்கிறது. டிஸ்க்கிலிருந்து பேட் விலகுவதற்கு அந்தச் சிறு பங்கு போதும். பெரும்பாலான டிஸ்க் பிரேக்குகளில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கத் தனி ஸ்பிரிங் கிடையாது, இந்த ரப்பர்தான் அந்த வேலையைச் செய்கிறது. ஓ-ரிங் கசிவை ஒருவேளை சில நாட்கள் தடுக்கலாம், ஆனால் பிஸ்டனைத் திருப்பி இழுக்கும் வேலையை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடியாது.

ஒரு பக்கம் மட்டும் கசிகிறது. அந்தப் பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?
– மதுரை, சிம்மக்கல்

இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

கடையில் டப்பாவிலிருந்து லூஸாக எடுத்துத் தரும் ரப்பர், பெட்டியில் வரும் கிட்டின் விலையில் பாதிக்கும் குறைவு. இரண்டும் கறுப்பு ரப்பர்தானே, வேறுபாடு என்ன?
– வாடிப்பட்டி வாசகர்

இரண்டும் கறுப்பு என்பதுதான் தொல்லையே. நம் கார்களில் ஊற்றப்படும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில்கள் கிளைக்கால் (glycol) வகையைச் சேர்ந்தவை. பெட்ரோலியத்திலிருந்து வரும் எஞ்சின் ஆயிலுக்கும் அவற்றுக்கும் எந்த உறவும் இல்லை. கிளைக்கால் ஆயிலைத் தாங்குவதற்காக இன்றைய காலிப்பர் சீல்கள் இ.பி.டி.எம். என்னும் ரப்பரால் செய்யப்படுகின்றன. எஞ்சின் ஆயில், டீசல், கிரீஸ் ஆகியவை படும் இடங்களுக்கு நைட்ரைல் ரப்பர் பொருத்தமானது. இடம் மாறினால் இரண்டுமே கெடும்: பிரேக் ஆயிலில் நைட்ரைல் ஊதி மெத்தென்று ஆகிவிடும், கிரீஸ் பட்டால் இ.பி.டி.எம். ஊதிவிடும். கையில் எடுத்துப் பார்த்து இது எந்த ரப்பர் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது, டப்பாவிலிருந்து எடுத்துத் தருபவராலும் முடியாது. அதைச் சொல்ல வேண்டியது பொட்டலத்தின் மீதுள்ள எழுத்து. அந்த எழுத்து இல்லாத ஒரு பொருளை, ஒரு குடும்பமே ஏறிச் செல்லும் வாகனத்தின் பிரேக்கில் பொருத்தச் சொல்லி விற்பதை நான் எவ்வளவு காலமாகக் கண்டித்து எழுதினாலும் அது குறைந்தபாடில்லை.

பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், நுகர்வோர் தொடர்பு விவரமும் பொட்டலத்தின் மீது இருக்க வேண்டும் என்கின்றன. டப்பாவிலிருந்து எடுத்துத் தரும் ரப்பரில் இவற்றுள் ஒன்றும் இருக்காது. அது என்று வார்க்கப்பட்டது, எத்தனை கோடை அந்தத் தகரத்துக்குள் வெந்தது என்று கேட்கவும் ஆள் இருக்காது. பெட்டியில் வருகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். என் காருக்காக நகரத்துக் கடை ஒன்றில் நான் வாங்கிய கிட்டின் பெட்டியில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெயர் பளபளவென்று அச்சிடப்பட்டிருந்தது. உள்ளே இருந்த டஸ்ட் பூட்டின், அதாவது பிஸ்டனில் தூசி படாமல் காக்கும் ரப்பர் உறையின், விளிம்பைச் சுற்றி, அச்சில் வார்த்தபோது பிதுங்கிய பிசிறு மெல்லிய தாள்போல நீட்டிக்கொண்டிருந்தது. சீலின் நான்கு விளிம்புகளில் ஒன்று கூராக இல்லாமல் மழுங்கியிருந்தது. பெட்டியின் ஒட்டுத்தாளில் மாதமும் ஆண்டும் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து, விளிம்புகளை விரலால் தடவி, ரப்பரை லேசாக மடக்கிப் பாருங்கள். வெடிப்புக் கோடு தெரிந்தால் வாங்காதீர்கள்.

சொந்தமாக ஒரு டாக்சி வைத்து நானே ஓட்டுகிறேன். புதிய கிட் போட்டுச் சில நாட்களில் கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரத்தில் புகை வந்தது. பிரித்தால் ரப்பர் ஊதியிருக்கிறது. கடைக்காரர் பில்லும் தரவில்லை, இப்போது பேசவும் மறுக்கிறார்.
– உசிலம்பட்டி வாசகர்

வத்தலக்குண்டு வரை அந்த இறக்கத்தை முடித்து நீங்களும் பயணிகளும் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிது. ஊதிய சீல் பிஸ்டனை விடாது, பேட் டிஸ்க்கில் தேய்ந்துகொண்டே இருக்கும், அந்தச் சூட்டில் ஆயில் கொதித்தால் பெடல் தரைவரை இறங்கிவிடும். இனி அந்த வாகனத்தை மலைக்கு எடுக்கும் முன் ஆயில் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

குற்றம் ரப்பரிலா ஆயிலிலா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காலிப்பரிலிருந்து எடுத்த ஆயிலில் சிறிதளவைக் கண்ணாடி டம்ளரில் உள்ள தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் யாரோ எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள், அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர் உட்பட ஆயில் பட்ட ரப்பர் அனைத்தையும் மாற்ற வேண்டும். படலம் இல்லையென்றால் சந்தேகம் கிட்டின் மீது விழுகிறது.

அப்படி விழுந்தால் விட்டுவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதும், பில்லில் கால வரம்பு குறிப்பிடாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். டாக்சி என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். சுயதொழிலாக, தன் பிழைப்புக்காகவே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, பெட்டி, ஊதிய ரப்பர், மெக்கானிக் எழுதித் தரும் குறிப்பு ஆகிய அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள். பலன் இல்லையென்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்லலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு கொடுத்தால் போதும்.

படத்தில் ஒன்றுபோல இருந்ததால் ஆன்லைனில் குறைந்த விலையில் ஒரு கிட் வாங்கினேன். சீல் பிஸ்டனில் ஏறவே மறுக்கிறது. சூடுபடுத்தி ஏற்றலாமா?
– மதுரை, கே.கே.நகர்

கூடாது. பிரேக்கின் ரப்பரைப் படத்தைப் பார்த்து வாங்குவது பொறுப்பற்ற செயல் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயருள்ள காரிலேயே ஆண்டுக்கு ஆண்டு காலிப்பர் தயாரிப்பாளர் மாறியிருக்கலாம், பிஸ்டன் அளவும் மாறியிருக்கலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண், காலிப்பரின் உடலில் வார்க்கப்பட்டுள்ள எழுத்துகள், வெர்னியரால் எடுத்த பிஸ்டன் விட்டம் ஆகிய மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போயிருக்க வேண்டும். பழைய ரப்பரை மட்டும் மாதிரியாக எடுத்துச் செல்வதும் பயன்படாது, ஏனென்றால் அது ஊதியோ இறுகியோ அளவு மாறியிருக்கும். வாங்கியதைத் திருப்பி அனுப்புங்கள்.

டாட் 4-ஐ விட டாட் 5 உயர்ந்ததுதானே, ரப்பர் மாற்றும்போது அதையே ஊற்றிவிடலாமா?
– திண்டுக்கல் வாசகர்

ஊற்றாதீர்கள். டாட் 5 சிலிக்கோன் வகை, உங்கள் காரில் உள்ள கிளைக்கால் ஆயிலோடு அது கலக்காது. டாட் 5.1 என்பது வேறு, அது கிளைக்கால் வகையே. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி; ஈரத்தை உறிஞ்சிய பிறகு அது முறையே 140, 155 டிகிரி என்று இறங்கிவிடும். எனவே மூடி திறந்து வெகுநாள் ஆன டப்பாவை எடுக்காமல், ரிசர்வாயர் மூடியில் எழுதியிருக்கும் வகையையே புதிதாக வாங்குங்கள்.

சீல் எளிதாக உட்கார வாசலின் தடவலாமா? எங்கள் ஒர்க்ஷாப்பில் கிரீஸ் தடவுகிறார்கள், பெட்ரோலில் கழுவுகிறார்கள்.
– மதுரை, திருப்பரங்குன்றம்

வாசலின், சாதாரண கிரீஸ், பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகிய ஐந்தும் பெட்ரோலியத்திலிருந்து வருபவை. அவற்றில் எதுவும் அந்த ரப்பரில் படக் கூடாது. பிரேக் கிளீனரால் கழுவிய பாகங்களை நன்றாக உலரவிட்டு, புதிய பிரேக் ஆயிலையே சீலிலும் பிஸ்டனிலும் தடவி, திருகாமல் நேராகக் கட்டைவிரலால் அழுத்தச் சொல்லுங்கள். ஸ்லைடு பின்னுக்கு மட்டும் அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸ் போடலாம். அந்த ஒர்க்ஷாப் இதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.