கேழ்வரகுக் கஞ்சி குடித்தும் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறுகிறதா?

வணக்கம். இட்லியை நிறுத்திவிட்டு அம்மாவுக்குத் தினமும் காலையில் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தும், இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 240 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அக்கறையில் குறை இல்லை, கோளாறு கஞ்சியில்தான்.

கேழ்வரகும் தானியம்தான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 67 கிராம் மாவுச்சத்து. வெள்ளை அரிசியில் சுமார் 78. கேழ்வரகின் பலமே நார்ச்சத்துதான். அதை நைசாக அரைத்து, சலித்து, கூழாகக் காய்ச்சினால் மெல்லும் வேலையே இல்லை. விரைவில் செரித்துச் சர்க்கரை சட்டென்று ஏறும். பெரிய சொம்பு நிறையக் குடித்தால் சொல்லவே வேண்டாம். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ சேர்க்கிறீர்களா? அதுவும் சர்க்கரைதான், தயவுசெய்து நிறுத்துங்கள்.

அதே மாவைச் சலிக்காமல், கை நிறைய முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டு அடையாகத் தட்டுங்கள். ஒன்று போதும். கூடவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த முட்டையோ வையுங்கள். அதை முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். சாப்பிட்டபின் வாசலிலேயே பத்து நிமிடம் நடந்தாலும் நல்லது. பிறகு அதே இரண்டு மணி நேரக் கணக்கில் பாருங்கள். 180-க்குள் வருவது பொதுவான இலக்கு.

அம்மா சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிப்ரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறார் என்றால், உணவைத் திடீரெனக் குறைக்கும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மாற்றும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியர்வை, கைநடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.