ஒரே தலைவரை ஒரு நாளிதழ் தியாகியாகவும் இன்னொரு நாளிதழ் திருடனாகவும் காட்டுகிறதே, யார் பொய் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் இருவருமே பொய் சொல்வதில்லை. கேட்டவர் இளைஞராகத்தான் இருக்க வேண்டும். அப்பா வீட்டில் வாங்கும் நாளிதழும் நூலகத்தில் புரட்டும் நாளிதழும் ஒத்துப்போகாமல் குழம்பியிருப்பார்.

நான் நாளிதழ் டெஸ்க்கில், அதாவது நிருபர்கள் தரும் செய்தியைத் திருத்தித் தலைப்பு வைக்கும் பிரிவில், உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒரு கட்சிக்குச் சாய்வான நாளிதழ், பிறகு அதற்கு நேர் எதிரானது. இதைப் படித்ததும் யாராவது ஒருவர் 'விலை போனவன்' என்று எழுதுவார். எழுதட்டும். வங்கி ஊழியர் வேறு வங்கிக்கு மாறினால் அவரைத் துரோகி என்பீர்களா?

முரசொலி, தீக்கதிர் போன்ற கட்சி ஏடுகளை இதில் சேர்க்கவில்லை. தாங்கள் யாருடைய குரல் என்பதை அவை மறைப்பதில்லை. நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் நாளிதழ்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஒரு பொதுக்கூட்டம். தலைவர் ஏழு மணிக்குப் பேசுவார் என்று அறிவிப்பு, வந்து சேர்ந்தது ஒன்பதரைக்கு. எங்கள் புகைப்படக்காரர் ஏழு மணிக்கே பின்வரிசையில் நின்று காலி நாற்காலிகளை எடுத்துவிட்டார். தலைவர் வந்ததும் மேடையோரம் ஏறி, நிரம்பி வழிந்த கூட்டத்தையும் எடுத்தார். எதிர் நாளிதழின் புகைப்படக்காரர் அவருக்குப் பக்கத்திலேயே நின்றவர், இருவரும் நண்பர்கள். அவருடைய கேமராவிலும் இதே இரண்டு படங்கள்தான். மறுநாள் எங்கள் பக்கத்தில் காலி நாற்காலி, அவர்கள் பக்கத்தில் ஜனத்திரள்.

அந்தக் கட்சியின் நகரச் செயலாளர் இரண்டு நாளிதழ்களையும் சுருட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். "அண்ணே, இந்தப் படம் எத்தனை மணிக்கு எடுத்தது? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார். பல வாசகர்களுக்குத் தோன்றாத கேள்வி. கூட்டம் தொடங்கும் முன் எடுத்தது என்றேன். "அதைப் படத்துக்குக் கீழே போட்டிருக்கலாமே?" போட்டிருந்தோம். 'தலைவர் வரத் தாமதமானதால் காலியாகக் கிடந்த நாற்காலிகள்' என்பதுதான் படக்குறிப்பு. அதைப் படித்துவிட்டு அவரே சிரித்துவிட்டார். எழுதியவன் நான்தான். அதில் ஒரு சொல்லைக்கூட இன்றைக்கும் யாரும் குறை சொல்ல முடியாது.

எண்களிலும் இதே வேலைதான். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு விவகாரத்தில் அரசுக்கு இவ்வளவுதான் இழப்பு என்று 2010ஆம் ஆண்டு தணிக்கை அறிக்கை ஒரே எண்ணைச் சொல்லவில்லை. 57,666 கோடி ரூபாய் முதல் 1,76,645 கோடி வரை பல கணிப்புகளைத் தந்தது. சிபிஐ தன் குற்றப்பத்திரிகையில் சொன்னதோ 30,984 கோடி. ஒதுக்கீடு நடந்தபோது தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த ஆ. ராசாவைச் சாய்க்க வேண்டுமா, பெரிய எண்ணைத் தலைப்பில் ஏற்று. தாங்க வேண்டுமா, எல்லாம் வெறும் உத்தேசம் என்று எழுது. 2017 டிசம்பரில் அனைவரும் விடுதலையானபோதும் அப்படியே. தீர்ப்பைப் பெரிதாக்கலாம், அடுத்து வந்த மேல்முறையீட்டையும் பெரிதாக்கலாம். எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. தொலைக்காட்சி மட்டும் ஒழுங்கா? 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைதானபோது சன் டிவி காட்டிய காட்சிகள் வேறு, ஜெயா டிவி காட்டியவை வேறு.

உடனே 'பத்திரிகைகள் எல்லாமே மோசடி' என்று கிளம்பிவிடாதீர்கள். இல்லாததை எழுதினால் அவதூறு வழக்கு வரும் என்ற பயம் எல்லா ஆசிரியர்களுக்கும் உண்டு. பொருத்தமான படத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக யாரும் வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பக்கச்சார்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வாசகர்கள், நான் கடைசியாக இருந்த இடத்தில் பிழை திருத்துநர் பிரிவை மூடியபோது ஒரு கடிதம்கூட எழுதவில்லை. அந்த வேலையும் எங்கள் தலையில் விழுந்தது, சம்பளம் மட்டும் ஏறவில்லை. ஒற்று எங்கே மிகும் என்று தெரியாமல் கொட்டை எழுத்தில் தலைப்பு வருகிறது, ஏனென்று கேட்க ஆளில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். செய்தியின் கடைசிப் பத்திகளைப் படியுங்கள். தலைப்பும் முதல் பத்தியும் டெஸ்க்கின் கைவேலை. நிர்வாகத்துக்குப் பிடிக்காத தகவலை நிருபர் கீழேதான் வைத்திருப்பார். இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். இணையப் பதிப்பில் இடப் பற்றாக்குறை கிடையாது என்பதால் அங்கே அது தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்புண்டு.