டேப் லைப்ரரி ஒன்றுதான். சர்வரில் ஏன் மூன்று சாதனங்கள்?

பல டேப்புகளை அடுக்கி வைத்து, தானே எடுத்துப் போட்டுக் காப்பு (பேக்கப்) எடுக்க உதவும் பெட்டிதான் டேப் லைப்ரரி. சேமிப்புச் சாதனங்களுக்கான அதிவேக இணைப்பான ஃபைபர் சேனலில் இணைத்த அந்த லைப்ரரி, லினக்ஸ் சர்வரில் மூன்று சாதனங்களாகத் தெரிவது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை. டேப்பில் படித்து எழுதும் டிரைவ் இரண்டு, டேப்பை எடுத்து வைக்கும் ரோபோ ஒன்று. கணக்குச் சரி.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில் இந்தப் பெட்டியோடு சில ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறேன். மண்டியில் மூட்டை தூக்குபவர் வேறு, கணக்கு எழுதுபவர் வேறு. இங்கேயும் அப்படித்தான். 'இந்த ஸ்லாட்டில் இருக்கும் டேப்பை அந்த டிரைவில் வை' என்னும் மூவ் மீடியம் கட்டளை ரோபோவுக்குப் போகிறது. எங்கே எந்த டேப் இருக்கிறது என்று கேட்க ரீட் எலிமென்ட் ஸ்டேட்டஸ். பார்கோடு எண்களும் அதிலேயே வந்துவிடும். தரவு மட்டும் டிரைவுக்கு நேராகப் போகிறது, ரோபோவுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. டிரைவும் ரோபோவும் பேசுவது, சேமிப்புச் சாதனங்களுக்கான பழைய ஸ்கசி கட்டளை மொழி. ஃபைபர் சேனல் வெறும் சாலை. பல லைப்ரரிகளில் ரோபோவுக்குத் தனிக் கேபிள்கூடக் கிடையாது. ஒரே முகவரிக்குள் இருக்கும் உட்பிரிவு எண்ணுக்கு லன் என்று பெயர். ஒரு டிரைவின் முகவரியில் லன் 0 டிரைவ், லன் 1 ரோபோ. அந்த டிரைவைக் கழற்றினால் ரோபோவும் காணாமல் போய்விடும்!

இந்தப் பிரிவினை புரியாமல் ஒரு ராத்திரி அவதிப்பட்டேன். தருமபுரியில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்குத் தொலைபேசி: காப்பு எடுக்கும் வேலை நின்றுவிட்டது. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டி ஓசூர் போய்ச் சேர்ந்து, லைப்ரரியின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், முதல் டிரைவுக்குள் டேப் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. திரையிலோ 'டிரைவில் டேப் இல்லை'. மாலையில் சர்வரை மறுதொடக்கம் செய்தபோது லினக்ஸ் இரண்டு டிரைவ்களுக்கும் வைத்த எஸ்டி0, எஸ்டி1 என்ற பெயர்கள் இடம் மாறியிருந்தன. ரோபோ ஒரு டிரைவில் டேப்பை வைக்க, மென்பொருள் மற்றதைத் திறந்து காத்திருந்தது.

அன்றிலிருந்து அந்தப் பெயர்களை நான் நம்புவதில்லை. டிரைவின் வரிசை எண்ணை (சீரியல் நம்பர்) கொண்டே சாதனத்தைக் குறிப்பிடுங்கள். அப்போதும் சுருளைப் பின்னோக்கிச் சுற்றாத 'என்எஸ்டி' வகையையே தேர்ந்தெடுங்கள். வெறும் 'எஸ்டி' வகை, மூடியதும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த காப்பு முந்தையதன் தலையிலேயே எழுதப்படும். ஃபைபர் சேனல் சுவிட்சில் எது எதோடு பேசலாம் என்று பிரிக்கும் சோனிங் செய்யும்போது, சர்வரில் டிஸ்க்குக்கு ஒரு போர்ட், டேப்புக்கு வேறு போர்ட் என்று பிரித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் சர்வரில், ஸ்கசி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கசி கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். 'டேப்' என்று இரண்டு வரியும் ரோபோவுக்கு 'மீடியம்எக்ஸ்' என்று ஒரு வரியும் வர வேண்டும். டிரைவ்களின் வரிசை எண்களை லைப்ரரியின் முகப்புத் திரையில் தெரிபவற்றோடு ஒப்பிட்டு, எது எந்த டிரைவ் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள்.