முதலில் விழக் கற்றுக்கொள்ளட்டும்

வாசகர் கேள்விகளுக்கு ஜூடோ பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள்

கேள்வி: என் ஒன்பது வயது மகனை ஜூடோ வகுப்பில் சேர்த்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. கீழே விழுவதைத் தவிர வேறெதையும் மாஸ்டர் இதுவரை கற்றுத்தரவில்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு நாளைக் கடத்துகிறாரோ என்று ஐயமாக இருக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் மகனுக்கு நல்ல மாஸ்டர் வாய்த்திருக்கிறார் அம்மா. விழும் முறைக்கு ஜூடோவில் 'உகேமி' என்று பெயர். மோவாயை மார்போடு ஒட்டிவைத்துப் பின்மண்டை தரையில் படாமல் காத்துக்கொண்டு, முதுகு பாயைத் தொடும் அதே கணத்தில் கையைச் சற்று விலக்கி நீட்டி, உள்ளங்கையாலும் முன்கையாலும் பாயில் ஓங்கி அறைந்து, விழுந்த வேகத்தைச் சிதறடிக்க வேண்டும். பார்ப்பதற்கு எளிதுதான், ஆனால் எதிர்பாராமல் தூக்கி எறியப்படும்போது யோசிக்க நேரம் இராது, உடலே அதைச் செய்தாக வேண்டும். அந்தப் பழக்கம் இரண்டு மாதங்களில் வருவது அரிது.

இந்தக் கலை பிறந்த ஜப்பானிலேயே, 1983 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் பள்ளி ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்களில் பலர் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள்; பெரும்பாலும் தலைக்காயமே காரணம். எதிரியின் காலைப் பின்புறமாக வாரி அவரை மல்லாக்கச் சாய்க்கும் 'ஓசோத்தோ காரி' என்னும் எறிமுறை, கழுத்து உறுதிப்படாத பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்தானது என்பதை அங்கே பட்டபின்தான் உணர்ந்தார்கள். என் வகுப்பின் வாசலில் நிற்கும் பெற்றோரும் உங்கள் கேள்வியையே கேட்பதுண்டு. விழுகிற காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து உறவினருக்கு அனுப்ப முடியாது என்பதுதான் அவர்களுடைய உண்மையான வருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ பயில்வான் அல்லர், வாத்தியார் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். அவர் ஆசிரியரான கதையைச் சற்று விரிவாகச் சொல்ல இயலுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கானோ 1860-இல், கோபே நகருக்கு அருகிலுள்ள மிகாகேயில், அரிசி மது வடிக்கும் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்த பிறகும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். தோக்கியோவில் விடுதிப் பள்ளியில் படித்தபோது பெரிய மாணவர்களிடம் அடிபட்டார். மெலிந்தவனும் வலியவனை வெல்லும் வித்தை ஜூஜுத்ஸு என்று கேள்விப்பட்டு அதைக் கற்க விரும்பினார். தந்தைக்கோ அது பிடிக்கவில்லை. சாமுராய்களின் ஆட்சி முடிந்து அவர்களுடைய கலைகள் மதிப்பிழந்திருந்த காலம் அது. பழைய ஆசான்களில் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்து வந்ததால், கானோ கட்டுப் போடுகிறவர்களைத் தேடி அலைந்து, 1877-இல் ஃபுக்குதா ஹச்சினொசுகே என்னும் ஆசானைக் கண்டடைந்தார். (குமரிப் பக்கத்தில் அடிமுறை ஆசானே வர்ம வைத்தியராகவும் இருப்பதை அறிந்த உங்களுக்கு இது வியப்பாக இராது.)

ஒருநாள் ஃபுக்குதா கானோவைப் புதிய எறிமுறை ஒன்றில் எறிந்தார். கையை எப்படி வைப்பது, காலை எப்படி வைப்பது என்று கானோ கேட்டார். விளக்கம் வரவில்லை; இன்னொரு முறை எறிந்தார். மீண்டும் கேட்டார், மீண்டும் எறி. திரும்பத் திரும்பச் செய்தால் தானாக வரும் என்பதே அந்த ஆசானின் பாடம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரும் அப்படித்தான் கற்றிருப்பார். ஆனால் விடை கிடைக்காத அந்தக் கேள்விதான் கானோவை வாத்தியாராக்கியது என்பது என் கருத்து. தன்னைவிடக் கனமான சக மாணவர் ஒருவரை வெல்ல முடியாமல் தவித்தபோது, அவர் நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டி, எதிரியைத் தோளுக்குக் குறுக்கே தூக்கிச் சாய்க்கும் ஒரு முறையைக் கண்டெடுத்து வந்து அவரை வீழ்த்தினார்.

1882-இல், இருபத்திரண்டு வயது நிரம்பும் முன்பே, தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் புத்த ஆலயத்தில் பன்னிரண்டு பாய்களும் ஒன்பது மாணவர்களுமாகக் கோதோகான் என்னும் தம் கூடத்தைத் தொடங்கினார். எறிதலைச் சமநிலை குலைத்தல், அதற்கேற்ப நம் உடலைப் பொருத்துதல், எறிந்து முடித்தல் என மூன்றாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். அவர் கூறிய கணக்கு ஒன்று உண்டு: எதிரியின் வலிமை பத்து, உங்களுடையது ஏழு என்றால், எதிர்த்துத் தள்ளினால் தோற்பீர்கள், தள்ளுகிற திசையிலேயே பின்வாங்கினால் அவர் நிலைகுலைந்து மூன்றாகிவிடுவார், உங்களிடம் ஏழு அப்படியே இருக்கும். அடிப்பது, உதைப்பது போன்ற ஆபத்தான முறைகளை, அசைவுகளை முன்பே வகுத்துக்கொண்டு செய்யும் 'காட்டா' என்னும் ஒழுங்குமுறைப் பயிற்சிக்குள் வைத்துவிட்டார். அதனால்தான் தடையற்ற பயிற்சியில் இருவரும் முழு வலிமையோடு மோதியும் மறுநாள் வகுப்புக்கு வர முடிந்தது. என்னைக் கேட்டால், அவருடைய எறிமுறைகளைவிட இந்த ஏற்பாடே பெரிது.

கேள்வி: என் மகனுக்குக் கறுப்புப் பட்டை எத்தனை மாதங்களில் கிடைக்கும்? (வாசகர், ஓசூர்)

பதில்: மாதக் கணக்கில் கிடைப்பதாக யாராவது சொன்னால் அந்த வகுப்பை விட்டு விலகிவிடுங்கள். சிறுவர்கள் கட்டும் வண்ணப் பட்டைகள் ஐரோப்பாவில் பரவிய வழக்கம். கறுப்புப் பட்டையோடு தொடங்கும் முதல் 'தான்' படிக்குக் கானோவின் மொழியில் தொடக்கம் என்றே பெயர்.

கேள்வி: எங்கள் மகள் ஜூடோ கற்க ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு மல்லுக்கட்டு எதற்கு என்று மாமியார் தடுக்கிறார். (வாசகி, காரைக்குடி)

பதில்: ஃபுக்குதா கெய்க்கோவைப் பற்றி மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். கானோவின் முதல் ஆசான் என மேலே குறிப்பிட்டேனே, அவருடைய பேத்தி, 1913-இல் பிறந்தவர், ஐந்தடிக்கும் குறைந்த உயரம். பழைய குருவின் பேத்தி என்பதால் கானோவே அழைத்து, 1935-இல் கோதோகானின் பெண்கள் பிரிவில் சேர்த்துக்கொண்டார். பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிப் பல ஆண்டுகள் கற்பித்தார். பெண்களுக்கு ஐந்தாம் தானுக்கு மேல் இல்லை என்று கோதோகானில் 1972 வரை விதி இருந்தது. அதுவரை காத்திருந்து மேலே ஏறிய அவருக்கு, 2011-இல், தொண்ணூற்றெட்டாம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு பத்தாம் தானை வழங்கியது. ஆண் பிள்ளைகளோடு பயிற்சி செய்வதுதான் வீட்டில் தயக்கம் என்றால், வகுப்பில் எடையும் வயதும் பார்த்து இணை சேர்க்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பத்து ஆண்டுகளாக ஜூடோ பயில்கிறேன், மாவட்டப் போட்டிகளில் பதக்கங்களும் பெற்றிருக்கிறேன். வாடகைக்கு ஒரு கூடம் பிடித்துச் சொந்தமாக வகுப்புத் தொடங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தொடங்கலாம், ஆனால் பதக்கத்தை நம்பித் தொடங்காதீர்கள். உங்களுக்கு இயல்பாக வந்த எறிமுறை ஒன்றை, அது வராத ஒருவருக்குச் சொல்லால் விளக்கிப் பாருங்கள். திணறினால், இன்னும் ஓராண்டு உங்கள் மாஸ்டரின் அருகில் நின்று சிறு பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். முதலுதவிப் பயிற்சியையும் அந்த ஓராண்டிலேயே முடித்துவிடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றைக்கு மீண்டும் பாயில் ஏற்றக் கூடாது என்று பெற்றோரிடமும் அந்தப் பிள்ளையிடமும் உறுதியாகச் சொல்லும் துணிவு உங்களுக்கு வர வேண்டும்.

எய்ஷோஜியில் மாணவர்கள் விழுந்து விழுந்து தரைக்கடியில் இருந்த தாங்குகட்டைகள் முறிந்தபோது, கானோ விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கடியில் தவழ்ந்து போய்ச் சரிசெய்தாராம். உங்கள் கூடத்தில் அவ்வளவு வேலை இராது. வகுப்புத் தொடங்கும் முன் நாள்தோறும் குனிந்து, பாய்களுக்கு இடையே இடைவெளி விட்டிருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் கால்விரல் சிக்கிக்கொள்வது அங்கேதான்.