புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சூழல் மிக மோசம். இப்போதே விட்டுவிடலாமா, ஒரு வருடமாவது பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

விடலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதில்தான் சுற்றியிருப்பவர்கள் உங்களைக் குழப்புவார்கள். 'உன்னால தாங்க முடியுமா முடியாதா' என்று கேட்பார்கள். நம் வீடுகளில் வளர்ந்த யாரும் அதற்கு முடியாது என்று சொல்ல மாட்டோம். அதனால் அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் ஒரு தப்பு நடந்தால், அதை முதலில் பார்த்துச் சொல்கிறவருக்கு என்ன கிடைக்கிறது? அதைக் கவனியுங்கள். என்னுடைய முடிவு அதை வைத்துத்தான் வந்தது.

நீங்கள் எந்தத் துறை என்று எழுதவில்லை. 'மேனேஜர் எல்லோர் முன்னாலும் கத்துகிறார், பக்கத்து சீட்டில் இருப்பவர்கூட எதையும் சொல்லித் தருவதில்லை' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக இருக்காது, பழைய இடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். என் கதையும் அப்படித்தான்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். வெளியூர்க்காரர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், வெளிநாட்டு பையருக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஆள். ஆர்டர் வந்த நாளிலிருந்து கப்பல் ஏறும்வரை நூல், நிட்டிங், டையிங் (சாயம் போடுவது), கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாவற்றுக்கும் தேதி போட்டுத் துரத்த வேண்டும். எந்த இடத்தில் பிசகினாலும் முதல் போன் நமக்குத்தான் வரும். முதலில் ஒரு சின்ன கம்பெனியில் சில வருடம் வேலை பார்த்தேன். அந்த முதலாளியும் நன்றாகவே கத்துவார். ஷிப்மென்ட் நேரத்தில் கத்தாத முதலாளியை எங்கள் ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் கத்தி முடித்ததும், 'சரி, இப்ப என்ன பண்ணலாம் சொல்லும்மா' என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். டையிங்குக்கு அவரே போன் போடுவார். அதனால் அங்கே யாருக்கும் கெட்ட செய்தியைக் கொண்டுபோகப் பயம் இருந்ததில்லை.

அப்புறம் சம்பளம் கூட வருகிறதே என்று ஒரு பெரிய கம்பெனிக்கு மாறினேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கட்டடம், ஏசி, பையர் வந்தால் உட்கார வைக்கத் தனி அறை. முதல் வாரமே ஒன்று கவனித்தேன். யாரும் யாரிடமும் வாயால் எதையும் சொல்வதில்லை. பக்கத்து மேஜைக்கும் மெயில், அதில் ஜி.எம்.முக்கு ஒரு சிசி. பெரிய கம்பெனி, முறைப்படி நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அது முறை இல்லை, நாளைக்குத் தன் தலை தப்ப இன்றைக்கே எடுத்து வைக்கிற சாட்சி என்று பிறகுதான் புரிந்தது.

மூன்றாவது மாதம் ஒரு நேவி ப்ளூ ஆர்டர். லேப் டிப் (சாயம் போடும் முன் பையர் ஒத்துக்கொள்ள வேண்டிய நிறச் சாம்பிள்) அப்ரூவல் ஆகி, துணி டையிங், காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் அமுக்கி எடுப்பது) முடிந்து வந்துவிட்டது. மறுநாள் கட்டிங். ஒரே தடவையில் சாயம் போட்ட துணியை ஒரு லாட் என்போம். நான் ஒவ்வொரு லாட்டிலும் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு போய், நிறம் பார்க்க விதவிதமான விளக்கு வைத்த லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். பகல் வெளிச்சத்துக்கான டி65 விளக்கில் எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தது. ஐரோப்பாவில் கடைகளில் போடுகிற டிஎல்84 விளக்கைப் போட்டதும் இரண்டு லாட் மட்டும் சிவப்படித்தது. பக்கத்தில் வைத்தால் யாருக்கும் தெரியும். துணியாக இருக்கும்போது ரீப்ராசஸ் போட்டு, அதாவது மறுபடி டையிங்குக்கு அனுப்பிச் சரி பண்ணிவிடலாம், சில நாள் போகும், அவ்வளவுதான். வெட்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. உடம்பு ஒரு லாட், கை ஒரு லாட் என்று கலந்துவிட்டால் மொத்த ஆர்டரும் போச்சு.

உடனே போய்ச் சொன்னேன். எம்.டி. அந்தத் துணித் துண்டுகளை வாங்கி என் முகத்துக்கு நேராக வீசினார். ஒரு துண்டு தோளில் விழுந்தது. 'லேப் டிப் வாங்கும்போது உன் கண்ணு எங்க போச்சு?' என்று கேட்டார். அந்த லேப் டிப் நான் சேர்வதற்கு முன்பே அப்ரூவல் ஆனது. அதைச் சொன்னதற்கும் திட்டு. ஜி.எம்., டையிங் இன்சார்ஜ், கட்டிங் மாஸ்டர் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். லாட்டில் சேடு (நிறச் சாயல்) மாறியது நிஜமா என்று ஒருவர்கூட அந்தத் துணியை எடுத்துப் பார்க்கவில்லை.

இதெல்லாம் சகஜம் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதற்காக மட்டும் விட்டிருக்க மாட்டேன். அன்று சாயங்காலம் சீனியர் அண்ணா ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர், அந்தக் கம்பெனியில் பல வருடமாக இருப்பவர். அக்கறையாகத்தான் சொன்னார்: 'ஏன் அம்மிணி இன்னைக்கே போயிச் சொன்னே? ரெண்டு நாள் பேசாம இருந்திருந்தா கட்டிங் ஓடியிருக்கும். அப்பறம் சேடு பாக்காம வெட்டுனது கட்டிங் மாஸ்டர்னு அவரு தலைல போயிருக்குமல்ல.'

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எம்.டி. வீசிய துணி மறந்துவிட்டது, இந்த வார்த்தைதான் சுற்றிச் சுற்றி வந்தது. அவருக்கு வேலை தெரியாது என்று இல்லை. என்னைவிட நூறு மடங்கு தெரிந்தவர். அந்த இடத்தில் இத்தனை வருடத்தில் அவர் கூடுதலாகக் கற்றுக்கொண்டது, தப்பை எப்போது பார்க்க வேண்டும், எப்போது பார்க்காதது மாதிரி போக வேண்டும் என்பதைத்தான். 'ஒரு வருஷம் இரு, அனுபவம் கிடைக்கும்' என்கிறார்களே, அங்கே எனக்குக் கிடைக்கப்போகும் அனுபவம் எது என்று அன்றைக்குக் கண்ணெதிரே தெரிந்துவிட்டது. அந்த மாதச் சம்பளம் கணக்கில் ஏறியதும் லெட்டர் கொடுத்துவிட்டேன்.

இதைப் படித்ததும் 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை' என்று எழுத நான்கு பேர் வருவார்கள். வரட்டும். சீசனில் ராத்திரி பதினொரு மணிவரை டையிங்கில் உட்கார்ந்து லாட் பார்த்துவிட்டு, காலை எட்டரைக்கு ஆபீஸில் நின்றவள் நான். கடின வேலையையும் கெட்ட இடத்தையும் ஒன்றாகப் போட்டுப் பேசாதீர்கள். வீட்டுக் கடன், குழந்தை ஃபீஸ் என்று இருப்பவர்கள் நாளைக்கே விட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது எங்கள் ஊரில் ஆர்டர் நின்று, நல்ல கம்பெனிகளே ஆள் எடுக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் வெளியே வந்து நிற்க எல்லோராலும் முடியாது. நான் வேலையை விட்டபோது எனக்குக் கடன் இல்லை, கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அது பெரிய வசதி, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தம்பி இரண்டு வேலையை விட்டான். வீட்டில் 'அவனுக்கு செட் ஆகலை' என்றார்கள், அத்தோடு முடிந்தது. நான் ஒன்றை விட்டதும் 'எங்கயும் நிலைக்க மாட்டேங்கறா, பொண்ணு பாக்க வர்றவங்க கேட்டா என்ன சொல்றது' என்று அப்பா ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. எந்த மாப்பிள்ளை வீடு என் ரிலீவிங் லெட்டரை வாங்கிப் பார்க்கப் போகிறது? இது போதாதென்று, ஹாஸ்டலைக் காலி செய்தபோது அட்வான்ஸில் பாதியை 'பெயின்டிங்' என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த அறைக்கு நான் வந்ததிலிருந்து யாரும் ஒரு கோடு சுண்ணாம்பு அடித்ததில்லை. பெண்கள் விடுதிகளுக்கென்று தமிழ்நாட்டில் 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் அட்வான்ஸுக்கு ரசீது கேட்டால் நம்மை ஏதோ வம்புக்காரி மாதிரிப் பார்க்கிறார்கள். வேலையை விடுகிற பெண்ணுக்கு இந்தச் செலவெல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ப்ரொபேஷனில் நோட்டீஸ் நாட்கள் பெரும்பாலும் குறைவாக இருக்கும். ப்ரொபேஷன் முடிவதற்குள் விலகுவதும் பிறகு விலகுவதும் ஒன்றாக இருக்காது. பாண்டில் கையெழுத்துப் போட்டிருந்தால், 'பாண்டு எல்லாம் செல்லாது' என்று சொல்கிறவர்களை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்து வைத்திருந்தால், லெட்டர் கொடுப்பதற்கு முன்பே ஏதாவது காரணம் சொல்லி வாங்கிவிடுங்கள். என் அக்கா நர்ஸ். அவள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் நான் எங்கேயும் நகல் மட்டும் கொடுக்கிறேன்.

உங்களை நடத்தும் விதத்தில் பாலியல் சீண்டல் இருந்தால் அது வேறு விஷயம். பேசாமல் விலகிவிடாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். குழுவே இல்லையென்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, அங்கே கொடுக்கலாம்.

அடுத்த இன்டர்வியூவில் இந்த வேலையை மறைக்கலாமா என்று நினைப்பீர்கள். பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) அது பதிவாகியிருக்கும், சரிபார்க்கிறவர்கள் கண்ணில் படும். நான் மறைக்கவில்லை. இப்போது இருக்கும் பையிங் ஆபீஸில் (வெளிநாட்டு பையருக்காக இங்கே ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற ஆபீஸ்) ஏன் விட்டாய் என்று கேட்டபோது அந்த நேவி ப்ளூ விஷயத்தை அப்படியே சொன்னேன், யாரையும் திட்டாமல். எந்த விளக்கில் தெரிந்தது, எத்தனை லாட், வெட்டுவதற்கு முன்பா பின்பா என்றுதான் கேட்டார்கள்.

பழைய கம்பெனி பி.எஃப். கணக்கில் நீங்கள் விலகிய தேதியைப் போடாமல் இழுத்தடித்தால், கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே ஆன்லைனில் போட்டுக்கொள்ளலாம். நிலுவைச் சம்பளத்தை விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் அமலுக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கொடுக்காவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். ராஜினாமாவைக் கையில் மட்டும் கொடுக்காமல் மெயிலிலும் அனுப்பி, உங்கள் சொந்த மெயிலுக்கு ஒரு காப்பி போட்டுவிடுங்கள். ஆபீஸ் மெயிலைக் கடைசி நாள் காலையிலேயே மூடிவிடுவார்கள்.